விழுந்தவர்களின் பெயர் தாங்கிய மலை

லௌபர்ஹோர்ன் சரிவில் வென்றவர்களைவிட விழுந்தவர்களுக்குத்தான் இடம் அதிகம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், வெங்கன் என்ற மலைக்கிராமத்துக்கு மேலே ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் பனிச்சறுக்குப் பந்தயத்தின் பாதை அது. அதில் ஒரு விளிம்புக்கு மின்ஷ் என்று பெயர். 1965-இல் யோஸ் மின்ஷ் அங்கே விழுந்து படுகாயம் அடைந்தார். அடுத்த திருப்பம் கனடாக்காரர்களுடையது. 1976-இல் டேவ் இர்வினும் கென் ரீடும் அங்கே தூக்கி எறியப்பட்டார்கள். இன்னும் கீழே ஒரு பள்ளம் ஆஸ்திரியர்களுக்கு. 1954-இல் டோனி ஸைலர் உட்பட அந்நாட்டின் பேர்போன வீரர்கள் அதில் சரிந்தார்கள். ஸைலர் 1955 முதல் 1958 வரை தொடர்ந்து நான்கு முறை இங்கே வென்றும்கூட, பள்ளம் ஆஸ்திரியர் பள்ளமாகவே இருக்கிறது. புருனோ கெர்னென் 1997-இல் விழுந்த வளைவுக்கு இன்று அவர் பெயர். 2003-இல் அவர் இதே பந்தயத்தை வென்றார். வளைவு அதற்காகக் கிடைத்ததல்ல.

தோல்வியை இப்படி மண்ணில் எழுதிவைக்கும் விளையாட்டு அபூர்வம். பேர் வைத்தவர்கள் பாதையோரம் நின்று பார்த்தவர்கள், மறுநாள் அதே பனியைச் சீர் செய்தவர்கள். எந்தத் திருப்பத்தில் யார் விழுந்தார் என்பது அவர்களுக்கு ஊர்ச்செய்தி. ஓர் உலகப் பந்தயம் ஓர் ஊருக்குச் சொந்தமாவது இந்த மாதிரிப் பேச்சு வழியாகத்தான்.

வெங்கனில் சுமார் 1,300 பேர் வசிக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,274 மீட்டர் உயரம். காரில் போக வழியில்லை. லௌட்டர்புருனென் பள்ளத்தாக்கிலிருந்து பல்சக்கர ரயில் ஏறித்தான் போக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனவர்களுக்கு அந்தப் பயணம் புதிதாக இருக்காது: தண்டவாளத்துக்கு நடுவே பற்கள், எஞ்சினுக்கு அடியில் அதைக் கவ்வும் சக்கரம், ஜன்னலுக்கு வெளியே தலைசுற்றும் ஆழம். நீலகிரி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்களைச் செய்த விண்டர்தூர் தொழிற்சாலையில்தான் வெங்கன் ரயிலின் ஆரம்பகால எஞ்சின்களும் பிறந்தன.

இத்தனை சின்ன ஊர், சாலைகூட இல்லாத ஊர், உலகக் கோப்பைப் பனிச்சறுக்கின் மிக நீளமான பந்தயத்தை எப்படி நடத்துகிறது? மலை இருக்கிறது, பனி இருக்கிறது, அதனால் நடத்துகிறது என்பது பாதிப் பதில். ஆல்ப்ஸ் முழுக்க மலையும் பனியும் உண்டு. மீதிப் பதில் ரயிலில் தொடங்குகிறது.

அந்த ரயில் பாதை 1893-இல் திறக்கப்பட்டது. லௌட்டர்புருனெனில் புறப்பட்டு, வெங்கன் வழியாகக் கிளைனே ஷைடெக் என்ற 2,061 மீட்டர் உயரக் கணவாயைத் தொட்டு, மறுபக்கம் கிரிண்டல்வால்ட் வரை இறங்கும். கோடையில் ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் சிகரங்களைப் பார்க்க வரும் பணக்காரர்களுக்காகப் போட்ட பாதை அது. ஹோட்டல்களும் அவர்களை நம்பியே எழுந்தன. இலையுதிர்காலம் முடிந்ததும் ரயில் நிற்கும், ஹோட்டல் பூட்டப்படும், ஊர் மாட்டுக்கொட்டிலுக்கும் அடுப்படிக்கும் திரும்பும். போட்ட முதலுக்கு ஆண்டில் பாதி நாள் வருமானமில்லை. குளிர்கால விளையாட்டு இந்தக் காலி அறைகளுக்குள்தான் நுழைந்தது. நுழைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்களில் முக்கியமானவர் பிறந்தது சென்னையில்.

ஹென்றி லன் மெதடிஸ்ட் திருச்சபையின் மருத்துவ மிஷனரியாக 1887-இல் இந்தியாவுக்கு வந்தார். மறு ஆண்டு, அன்றைய மதராஸில், அவருக்கு மகன் பிறந்தான்: ஆர்னல்ட் லன். உடல்நலம் கெட்டதால் குடும்பம் சீக்கிரமே இங்கிலாந்து திரும்பியது. திரும்பியதும் ஹென்றி சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் மிஷனரிகள் தேவைக்கு மேல் வசதியாக வாழ்கிறார்கள் என்று எழுதித் திருச்சபைக்குள் பெரிய சச்சரவைக் கிளப்பினார். பிறகு பிரிந்து கிடக்கும் சபைகளை ஒன்றாக உட்காரவைக்க 1892-இல் ஒரு மாநாடு கூட்டினார். அதற்கு அவர் தேர்ந்த இடம் கிரிண்டல்வால்ட். சபைகள் ஒன்று சேரவில்லை. மாநாட்டுக்கு வந்தவர்களின் டிக்கெட், தங்குமிட ஏற்பாடுகள் மட்டும் நன்றாக நடந்தன. அதுவே நாளடைவில் ஒரு பயண நிறுவனமாக வளர்ந்தது. வசதியாக வாழும் மிஷனரிகளைக் கண்டித்தவர், வசதியானவர்களுக்கு விடுமுறை விற்பவரானார். உயர்குடிப் பள்ளிகளில் படித்தவர்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கி, குளிர்காலத்தில் முழு ஹோட்டல்களையே வளைத்துப்போட்டார். பூட்டிக்கிடந்த அறைகளில் விளக்கெரிந்தது.

மகனுக்கு வியாபாரத்தில் ஆசையில்லை. அவருக்கு மலை வேண்டும், வாதம் வேண்டும். 1909-இல் வேல்ஸில் பாறை ஏறும்போது விழுந்து கால் முறிந்தது. அந்தக் கால் கடைசிவரை குட்டையாகவே இருந்தது. பந்தயத்தில் தானே வெல்ல வாய்ப்பில்லாத அந்த மனிதர்தான் பந்தயத்தின் விதிகளை எழுதினார். அவர் உருவாக்கிய முதல் சரிவுப் பந்தயம் 1911 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் மோன்டானாவில் நடந்தது. அதன் கோப்பைக்குக் காந்தகார் ராபர்ட்ஸ் பிரபுவின் பெயர். ராபர்ட்ஸ் கான்பூரில் பிறந்தவர். 1880-இல் காபூலிலிருந்து காந்தகாருக்குப் படை நடத்திப்போய் வென்றவர். அடுத்து சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர். பவேரியாவின் கார்மிஷில் இன்றும் ஒரு பந்தயப் பாதைக்குக் காந்தகார் என்றுதான் பெயர். ஆப்கானியர்கள் தோற்ற ஒரு போர், அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத பனியில் இப்படித் தங்கிவிட்டது. பேரரசின் ஓய்வுநேரத்தில் பிறந்த விளையாட்டு என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

அன்று பனிச்சறுக்கின் எஜமானர்கள் நார்வேக்காரர்கள். அவர்களுக்குச் சறுக்கு என்றால் நெடுந்தூர ஓட்டம், அல்லது உயரத்திலிருந்து தாண்டுவது. ரயிலில் மேலே போய், கீழே மட்டும் சறுக்குவது சோம்பேறிகளின் பொழுதுபோக்கு. வெங்கனுக்கு வந்த ஆங்கிலேயர்கள் கீழே மட்டும் சறுக்குவதையே பட்டமாக எடுத்துக்கொண்டு, 1925-இல் டவுன்ஹில் ஒன்லி கிளப் என்று சங்கம் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம், 1,638 மீட்டர் உயரத்தில் இருக்கும் மியூரனில் லன் 1924-இல் காந்தகார் கிளப்பை அமைத்திருந்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1922 ஜனவரியில், மியூரனின் பயிற்சிச் சரிவில் அவர் இரண்டிரண்டாகக் கம்பங்களை நட்டு, வளைந்து வளைந்து இறங்கச் சொன்னார். ஸ்லாலம் என்ற பெயரில் அதற்கு முன்னும் போட்டிகள் இருந்தன. அவற்றில் அழகுக்கு மதிப்பெண் போடுவார்கள். லன் நடுவர்களின் ரசனையை ஒதுக்கிவிட்டு கடிகாரத்தை வைத்தார். யார் எவ்வளவு ஒயிலாகத் திரும்பினார் என்பது போய், யார் முதலில் வந்தார் என்பது மட்டும் நின்றது.

1930-இல் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் சரிவோட்டத்தையும் ஸ்லாலத்தையும் ஏற்றுக்கொண்டது. 1931-இல் முதல் உலகச் சாம்பியன் போட்டி மியூரனிலேயே நடந்தது. பெண்கள் பிரிவில் சரிவோட்டம், ஸ்லாலம் இரண்டையும் வென்ற எஸ்மி மக்கின்னனுக்கு வயது 17.

இதுவரை எல்லாம் விருந்தாளிகளின் கதை. உள்ளூர்க்காரர்கள் படுக்கை விரித்தார்கள், மூட்டை தூக்கினார்கள், சறுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பந்தயம் மட்டும் வந்தவர்களுடையது. எர்ன்ஸ்ட் கெர்ட்ஷ் என்ற வெங்கன் இளைஞருக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். 1930-இல் அவர் லௌபர்ஹோர்ன் பந்தயத்தைத் தொடங்கினார். உலகமும் வரலாம், ஊர்ப்பையன்களும் ஓடலாம் என்ற பந்தயம். முதல் சரிவோட்டத்தை வென்ற கிறிஸ்டியன் ரூபி வெங்கன்காரர். பத்து ஆண்டுகளுக்குள் இன்னொரு வெங்கன்காரர், கார்ல் மோலிட்டர், வந்தார். 1939 முதல் 1947 வரை சரிவோட்டத்தை மட்டும் ஆறு முறை வென்றார். ஐரோப்பா எரிந்த ஆண்டுகளிலும் நடுநிலை நாட்டின் அந்தச் சரிவில் பந்தயம் நடந்தது. வெளிநாட்டார் வருகை அருகிய அந்தக் குளிர்காலங்களில் ஊர் தனக்காகவே அதை நடத்திக்கொண்டது. விருந்தாளிகள் இல்லாமலும் இது நடக்கும் என்று தெரிந்தபின்தான் பந்தயம் முழுமையாக ஊருடையது ஆயிற்று என்பேன்.

கெர்ட்ஷுக்குப் பிறகு அவர் மகன் விக்டர் பல பத்தாண்டுகள் இதைத் தலைமையேற்று நடத்தினார். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் செர்ஜ் லாங்கின் முயற்சியால் 1967-இல் உலகக் கோப்பைத் தொடர் உருவானபோது, வெங்கன் முதல் பருவத்திலேயே அதில் இருந்தது. அந்த ஆண்டு இங்கே சரிவோட்டம் வென்றவர் ஜான்-குளோட் கிலி.

வெங்கனும் மியூரனும் பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம் ஒன்று, இந்தப்பக்கம் ஒன்று. ஸ்லாலம் பிறந்த மியூரன் உலகக் கோப்பையின் பெரிய மேடையாகவில்லை. அங்கே 1928-இல் 17 பேருடன் தொடங்கிய இன்ஃபெர்னோ என்ற பந்தயம் இன்றும் நடக்கிறது. ஷில்ட்ஹோர்ன் பக்கமிருந்து அடிவாரம்வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். 1,850 பேர், பெரும்பாலும் தொழில்முறை வீரர் அல்லாதவர்கள், வரிசையாக இறங்குகிறார்கள். கண்டுபிடித்த ஊர் விளையாட்டைப் பொழுதுபோக்காகவே வைத்துக்கொண்டது. எதிர் ஊர் அதைத் தொழிலாக்கியது. எது புத்திசாலித்தனம் என்று நூறு ஆண்டு கழிந்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பாதையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். 2,315 மீட்டரில் புறப்பாடு. 1,028 மீட்டர் இறக்கம். நீளம் கிட்டத்தட்ட நாலரைக் கிலோமீட்டர். மற்ற புகழ்பெற்ற சரிவோட்டங்கள் பெரும்பாலும் இரண்டு நிமிடத்தை ஒட்டியே முடிந்துவிடும். இங்கே நல்ல வீரருக்கே இரண்டரை நிமிடம் ஆகும். 1997-இல் இத்தாலியின் கிறிஸ்டியன் கெடினா இறங்கிய 2 நிமிடம் 24.23 வினாடிதான் நெடுங்காலம் பேசப்பட்ட சாதனை.

தொடக்கத்தில் வழுக்கிப்போகும் அகலமான சரிவு. பிறகு ஹுண்ட்ஷோப்ஃப். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சிறு வழி. பாறைமேல் மெத்தைகள் கட்டியிருக்கும். விளிம்புக்கு அப்பால் தரை கண்ணுக்குத் தெரியாது. வீரர் முழங்காலை மார்புக்கு இழுத்துக்கொண்டு வெறும் காற்றில் பாய்கிறார். கால் ஊன்றியதும் மின்ஷின் விளிம்பு, உடனே கனடாக்காரர் திருப்பம். ஓர் ஒடுங்கிய மலைப்பாதையில் நுழைந்து, வேகத்தைச் சட்டென்று குறைத்தால்தான் கெர்னென் வளைவில் நிற்க முடியும். அதைத் தாண்டியதும், நீராவி எஞ்சின்கள் தண்ணீர் பிடித்த பழைய இடத்தருகே, பாதை ரயில் தண்டவாளத்துக்கு அடியில் புகுந்து வெளியே வருகிறது. இந்த ஊருக்குக் குளிர்காலத்தைக் கொண்டுவந்த அதே தண்டவாளம். பந்தயத்தன்று அதன்மேல் பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு ரயில்கள் அடுத்தடுத்து ஏறும். கீழே ஹானெக் செங்குத்தில் 2013-இல் பிரான்ஸின் ஜோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகம் தொட்டார். உலகக் கோப்பையில் 160-ஐத் தாண்டிய முதல் வேகம் அது.

இவ்வளவும் கடந்தபின் கடைசியில் ஒரு எஸ் வளைவு காத்திருக்கிறது. தொடைத் தசைகள் அதற்குள் சொன்னபடி கேட்காது. பாதை அமைத்தவர்களின் கொடுமை எது என்று கேட்டால் ஹுண்ட்ஷோப்ஃபைச் சொல்ல மாட்டேன். அங்கே வீரர் புத்தம்புதிதாக இருக்கிறார். களைத்த உடலுக்கு முன் கடினமான கேள்வியை வைப்பதுதான் கொடுமை.

1991 ஜனவரியில் ஆஸ்திரியாவின் கெர்னோட் ரைன்ஸ்டாட்லர் அந்தக் கடைசி வளைவில்தான் விழுந்தார். வயது 20. சறுக்குப்பலகை பாதுகாப்பு வலையில் சிக்கி உடல் கிழிந்தது, உயிர் பிழைக்கவில்லை. அந்த ஆண்டுப் பந்தயம் கைவிடப்பட்டது. முதலில் சொன்ன பெயர்களை இப்போது இன்னொருமுறை எண்ணிப்பார்க்கிறேன். விழுந்ததால் பாதையில் பெயர் பெற்றவர்கள் எல்லாரும் பிழைத்தவர்கள். எழுந்து வந்தவனைத்தான் கேலியும் பாசமுமாகப் பெயர் சொல்லி அழைக்க முடியும். மரணத்தை அப்படிக் கூப்பிட ஊருக்கு வாய் வரவில்லை.

அதே கடைசி வளைவில் 2024 ஜனவரி 13 அன்று நார்வேயின் அலெக்சாண்டர் ஆமோட் கில்டே வலையில் மோதினார். கெண்டைக்கால் கிழிந்தது, தோள் விலகியது. அந்த வாரம் வழக்கமான பந்தயங்களோடு, வேறிடத்தில் ரத்தான ஒரு சரிவோட்டத்தையும் வெங்கன் தலையில் கட்டியிருந்தார்கள். வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாளில் மூன்று வேகப் பந்தயங்கள். வெள்ளியன்று பிரான்ஸின் அலெக்ஸி பாண்டூரோவுக்கு முழங்காலில் படுகாயம். மூன்றும் தேவையா என்று வீரர்களே கேட்டார்கள். பந்தயம் வளர்கிறது என்றால் நடைமுறையில் இதுதான்: மலை அதே மலை, கால்கள் அதே கால்கள், நாட்காட்டி மட்டும் பெருக்கிறது.

ஊரின் தோளிலும் இதே சுமை. பந்தயச் சனிக்கிழமை முப்பதாயிரம் பேருக்கு மேல் ஏறி வருவார்கள். 1,300 பேர் வாழும் ஊரில் அத்தனை பேருக்கும் சோறு, கழிப்பறை, திரும்பிப்போக ரயில் வேண்டும். சாலையில்லாத ஊரில் ஒவ்வொரு கம்பமும் வலைச்சுருளும் பீர்ப் பீப்பாயும் ரயிலில் அல்லது ஹெலிகாப்டரில் வர வேண்டும். சரிவைச் சீர்செய்ய ராணுவம் உதவுகிறது, தன்னார்வலர்கள் வருகிறார்கள். ஹோட்டல் சமையலறைகளை எடுத்துக்கொண்டால், சுவிட்சர்லாந்து முழுக்க அவற்றின் அடுப்படியில் நிற்பவர்களில் பலர் போர்த்துக்கீசியரும் மற்ற நாட்டாரும். எண்பதுகளில் அகதிகளாகப் போன ஈழத்தமிழர்கள் பலர் அந்நாட்டில் முதலில் நின்றதும் அங்கேதான். கேமரா சிகரத்தைக் காட்டுகிறது. விருந்தோம்பலின் வேலை கேமராவுக்கு முதுகு காட்டி நடக்கிறது.

2020 மே மாதம் இந்த ஊருக்கு ஒரு பாடம் கிடைத்தது. வருமானத்தில் கூடுதல் பங்கு வேண்டும் என்று பந்தய அமைப்பாளர்கள் கேட்க, சுவிஸ் பனிச்சறுக்குச் சங்கம் மறுக்க, வழக்குவரை போன தகராறு அது. 2021-22 பருவத்திலிருந்து வெங்கனை நாட்காட்டியில் எடுத்துவிடுங்கள் என்று சங்கம் சர்வதேசச் சம்மேளனத்திடம் சொன்னது. தொண்ணூறு ஆண்டுப் பந்தயம் ஒரு கடிதத்தில் போய்விடும் போலிருந்தது. சில வாரங்களில் சமரசம் ஆனது. ஆனால் ஒளிபரப்பு உரிமையும் விளம்பரமும் விற்பனையாகும் இடத்தில் சரிவை மிதித்தவனின் குரல் எவ்வளவு மெலிது என்பது எல்லோருக்கும் கேட்டது.

அடுத்த ஜனவரியில் பந்தயம் நடக்கவே இல்லை. கொரோனாவின் புதிய பிரிட்டன் வகை ஊரில் பரவ, மாநில அதிகாரிகள் தடைபோட்டார்கள். பிரிட்டனிலிருந்து வந்த ஒரு விருந்தாளியிடமிருந்து தொற்று தொடங்கியதாகக் கண்டறிந்தார்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்து கொடுத்த குளிர்காலத்தை அந்த ஆண்டு ஓர் ஆங்கிலேயப் பயணியின் மூச்சு மூடிவிட்டது. விருந்தாளியை நம்பிப் பிழைக்கும் எந்த ஊருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கதவைச் சாத்தினால் பட்டினி, திறந்துவைத்தால் எதுவும் நுழையும்.

இன்னொரு பந்தயத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாட்டர்ஹோர்ன் அடியில், செர்மாட்டில் தொடங்கி இத்தாலியின் செர்வீனியாவில் முடியும் ஒரு சரிவோட்டத்தைச் சர்வதேசச் சம்மேளனம் அறிவித்தது. இரண்டு நாடுகளைக் கடக்கும் முதல் உலகக் கோப்பைப் பந்தயம் என்று விளம்பரம். பனியாற்றில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கிப் பாதை வெட்டிய படங்கள் 2023-இல் வெளியாகிக் கண்டனம் எழுந்தது. 2022-இல் பனி போதவில்லை, 2023-இல் பனிப்பொழிவும் காற்றும் விடவில்லை. இரண்டு ஆண்டிலும் ஒரு பந்தயம்கூட நடக்கவில்லை. 2024-இல் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்தப் பாதையில் விழுந்தவர் பெயர் எதுவும் இல்லை. யாரும் விழ வாய்ப்பே கிடைக்கவில்லை.

வெங்கனையும் வானிலை விட்டுவைப்பதில்லை. 2017-இல் பனிப்பொழிவால் சரிவோட்டம் ரத்தானது. இனிவரும் குளிர்காலங்கள் இன்னும் நம்ப முடியாதவையாக இருக்கும். அப்படிப்பட்ட ஆண்டில் ஒரு பந்தயத்தைத் தாங்கிப் பிடிப்பது எது? மூன்று தலைமுறையாக அந்தச் சரிவில் எங்கே காற்று திரும்பும், எங்கே பனி இளகும் என்று தெரிந்த ஆட்களும், ரத்தானால் நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு அடுத்த ஆண்டும் கம்பம் நடும் பிடிவாதமும்தான். அதை விலைக்கு வாங்க முடியாது என்பதற்குச் செர்மாட் சாட்சி.

2030-இல் லௌபர்ஹோர்ன் பந்தயத்துக்கு நூறு வயது. விழா எடுப்பார்கள், வான்படை விமானங்கள் பள்ளத்தாக்கின் மேல் கோலம் போடும், வங்கிகளும் கடிகார நிறுவனங்களும் பதாகை கட்டும். அதில் தவறில்லை. ஆனால் நாட்காட்டியில் ஒரு பெயரைச் சேர்க்கவோ அடிக்கவோ ஒரு கடிதம் போதும். சரிவை மிதித்து இறுக்க, வலை கட்ட, ரயில் ஓட்ட, பந்தயம் முடிந்தபின் குப்பை அள்ள ஓர் ஊர் வேண்டும். வருமானத்தைப் பங்கிடும்போதும், பந்தய நாட்களைக் கூட்டும்போதும், அந்த ஊரும் ஓடுகிற வீரர்களும் சொல்வதுதான் முதலில் கேட்கப்பட வேண்டும். சம்மேளனத்தின் குரல் அதற்குப் பிறகு வரட்டும்.